அமெரிக்க வரியும் ஏஐயும் உங்கள் வருமானத்தில் எங்கே இருக்கின்றன? பில் புத்தகத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன். தறிக்காரர்கள், கொலுசுப் பட்டறைக்காரர்கள், ஒரு ஜவ்வரிசி ஆலை, ஏற்காட்டில் காபியும் மிளகும் வைத்திருக்கும் ஒரு குடும்பம் என்று பலதரப்பட்ட ஆட்கள் வருவார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து ஜிஎஸ்டி பேச வந்தாலும் சரி, வங்கிக் கடன் பேச வந்தாலும் சரி, எழுந்து போகும்போது இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். "அக்கா, இந்த அமெரிக்க வரி நமக்கு வருமா வராதா?" அப்புறம், "ஏஐ வந்தா பொண்ணு வேலை நிக்குமாக்கா?"

முதல் கேள்வி, நம் சரக்குக்கு அமெரிக்கா ஏற்றிய இறக்குமதி வரியைப் பற்றி. இரண்டாவது, செயற்கை நுண்ணறிவைப் பற்றி. டிவி விவாதத்தில் இவற்றுக்குப் பதில் இல்லை. அங்கே நாட்டின் வளர்ச்சி அரை சதவீதம் குறையுமா குறையாதா என்று சண்டை போடுவார்கள். அந்த அரை சதவீதம் கொண்டலாம்பட்டியில் ஒருவருக்கு ஒன்றுமே செய்யாது, பக்கத்துத் தெருக்காரருக்குப் பாதித் தறியை நிறுத்திவிடும். நீங்கள் அதில் எந்தத் தெரு என்று தெரிய வேண்டுமானால் உங்கள் பில் புத்தகத்தை எடுங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

கடைசியில் காசு கொடுப்பது யார்

போன வருஷத்து பில்களை ஆள் வாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் அந்தச் சரக்கை யாரிடம் விற்கிறார், அவரிடம் வாங்குபவர் யாரிடம் விற்கிறார் என்று எழுதிக்கொண்டே போங்கள். சரக்கை உபயோகிக்கும் ஆள் வரும்வரை நிறுத்தக் கூடாது. தெரியாவிட்டால் வியாபாரியிடம் கேளுங்கள். நேராகச் சொல்ல மாட்டார். மூட்டை எந்த ஊருக்குப் போகிறது என்று லாரி புக்கிங் ஆபீஸில் கேட்டால் தெரிந்துவிடும்.

டர்க்கி டவல் நெய்யும் ஒருவர் என்னிடம், "நான் சேலத்து வியாபாரிக்குத்தாங்க நெய்யறேன், அமெரிக்காவுக்கும் எனக்கும் என்ன?" என்றார். எழுதிப் பார்த்தோம். அவர் தறியிலிருந்து சேலத்து வியாபாரி, அங்கிருந்து கரூர் ஏற்றுமதியாளர், அங்கிருந்து அமெரிக்க இறக்குமதியாளர், கடைசியில் அங்கே ஒரு கடைத்தொடர். அவருக்கு வரும் பத்து ரூபாயில் ஏழு ரூபாய் அந்த வழியில்தான் வந்துகொண்டிருந்தது. மீதி மூன்று ரூபாய் மதுரை, திருச்சிக் கடைகள்.

ஜவ்வரிசி ஆலைக்கும் இதையே போட்டேன். சங்கிலி மகாராஷ்டிராவிலும் குஜராத்திலும் விரதம் இருக்கிறவர்கள் வீட்டில் போய் முடிந்தது. அவருக்கு டிரம்ப் பேச்சைவிட நவராத்திரி தேதி முக்கியம். ஏற்காடு காபிக்கும் மிளகுக்கும் கதை வேறு. 2025 நவம்பர் நடுவில் காபி, தேயிலை, வாழை, மசாலாப் பொருட்கள் போன்றவற்றை அமெரிக்கா அந்தப் பதிலடி வரியிலிருந்து (நாடு வாரியாகப் போட்ட கூடுதல் வரி) எடுத்துவிட்டது. தங்கள் ஊரில் விளையாத பொருளுக்கு வரி போட்டால் தங்கள் ஆட்களுக்குத்தான் விலை ஏறும் என்று தெரிந்துவிட்டது போல. ஆகவே சேர்வராயன் மலைத் தோட்டக்காரர்கள் பிரேசில் விளைச்சலையும் உலகச் சந்தை விலையையும் பார்த்தால் போதும்.

தறியோடு நிறுத்திவிடாதீர்கள். வீட்டுக்குள் வரும் எல்லா வருமானத்தையும் அதே தாளில் எழுதுங்கள். அந்த டவல்காரர் மகள் சேலத்திலேயே மெடிக்கல் பில்லிங் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சம்பளம் வருவது அமெரிக்க மருத்துவமனைகளின் பில்லைப் போட்டுக் கொடுப்பதால். அதாவது அப்பா தறியும் மகள் கம்ப்யூட்டரும் ஒரே நாட்டுக்காரர் பணத்தில் ஓடுகின்றன. சேலத்தில் இப்படி இருக்கும் வீடுகள் எனக்குத் தெரிந்தே நிறைய. இரண்டு பேர் சம்பாதிக்கிறோம் என்ற தைரியத்தில் வீட்டுக் கடன் வாங்கியிருப்பார்கள். பேருக்கு இரண்டு வருமானம், பிடிமானம் ஒன்றுதான்.

வரியைக் கணக்குப் போடுவது

முதலில் ஒரு தேதிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 2 அன்று இந்தியாவுக்கு 26 சதவீதம் என்றார்கள். ஒரு வாரத்தில் அதை நிறுத்திவைத்து 10 சதவீதம். ஆகஸ்ட் 7 முதல் 25. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று இன்னொரு 25 சேர்த்து, ஆகஸ்ட் 27 முதல் 50. 2026 பிப்ரவரி தொடக்கத்தில் பேச்சுவார்த்தை முடிந்து 18 என்றார்கள். அதே மாதம் 20-ஆம் தேதி, அவசரகாலச் சட்டத்தை வைத்து இப்படி வரி போட அதிபருக்கு அதிகாரம் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே வேறொரு சட்டப் பிரிவில் வேறு வரி வந்தது. இதைப் படிக்கும் நாளில் எவ்வளவு என்று அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் சுங்க அட்டவணையில் பாருங்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை. ஏற்றுமதிப் பில்லில் இருக்கும் எச்எஸ் குறியீட்டை (சரக்கின் வகையைச் சொல்லும் எண்) போட்டால் பழைய சுங்கவரி வரும். மேலே ஏறும் புதிய வரி அதே அட்டவணையின் 99-ஆம் அத்தியாயத்தில் இருக்கும்.

இரண்டு விஷயத்தில் எல்லோரும் குழம்புகிறார்கள். ஒன்று, இந்தப் புதிய வரி பழைய சுங்கவரிக்கு மேலே ஏறுவது. பருத்தி டர்க்கி டவலுக்கு (6302.60) ஏற்கெனவே 9.1 சதவீதம் இருக்கிறது. 50 வந்தபோது மொத்தம் 59.1. இரண்டு, இது அங்கே கடையில் விற்கும் விலைக்குப் போடுவது இல்லை, நம்மிடமிருந்து இறக்குமதி ஆகும் மதிப்புக்குப் போடுவது.

ஒரு பேச்சுக்கு, இங்கே கப்பல் ஏறும்போது டவல் விலை 100 ரூபாய் என்று வையுங்கள். முன்பு அது அங்கே 109.10-க்கு இறங்கியது. 50 சதவீத வரி இருந்தபோது 159.10. அதே சமயம் பாகிஸ்தானுக்கு 19 சதவீதம்தான், எனவே அவர்கள் 100 ரூபாய் டவல் 128.10-க்கு இறங்கியது. அந்த விலைக்கு நம் டவலும் இறங்க வேண்டுமென்றால் நாம் எவ்வளவுக்குக் கொடுக்க வேண்டும்? 128.10-ஐ 1.591-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 80.50. அதாவது பத்தொன்பதரை ரூபாய் குறைக்க வேண்டும். எந்த ஏற்றுமதியாளருக்கும் அவ்வளவு லாபம் கிடையாது.

சரி, பதினைந்து ரூபாய் குறைத்து ஆர்டரைக் காப்பாற்றினார் என்றே வைப்போம். அந்தப் பதினைந்தை எங்கிருந்து எடுப்பார்? மில்லுக்காரர் நூல் விலையை இவருக்காகக் குறைக்க மாட்டார். 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் கடைசிவரை பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியை மத்திய அரசு எடுத்தது உண்மைதான், ஆனால் மில்லில் கிடக்கும் பழைய பஞ்சு தீர்ந்து அது நூல் விலையில் தெரிய நாளாகும். சாயம், கப்பல் வாடகை, கரண்ட் எல்லாம் கறார். தட்டினால் இறங்குவது இரண்டே இடம்: தறிக் கூலி, பணம் கொடுக்கும் தேதி.

இந்த வகுத்தல் கணக்கை உங்கள் சரக்குக்கும் அன்றைய வரிக்கும் போட்டு வைத்துக்கொண்டால், வியாபாரி "மீட்டருக்கு இவ்வளவு குறைச்சுக்கோ" என்று வரும்போது அவர் சொல்வது நியாயமா, டிரம்ப் பெயரைச் சொல்லி நம்மிடம் கூடுதலாகப் பிடிக்கிறாரா என்று தெரியும். வரி குறைந்தபோது கூலியை ஏற்றிக் கேட்கவும் அதே தாள்தான் ஆதாரம். வரி 50-லிருந்து இறங்கியபோது கூலியைத் தானாக ஏற்றிய ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

விலைக்கு முன்னால் தேதி

சிக்கல் வருவது முதலில் விலையில் தெரியாது. பேரேட்டைத் திறந்து, ஒவ்வொரு வியாபாரிக்கும் பில் போட்ட நாளுக்கும் பணம் ஏறிய நாளுக்கும் நடுவே எத்தனை நாள் என்று மாதவாரியாக எழுதுங்கள். டேலி கணக்கு மென்பொருளில் இருந்தால் எந்தப் பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்ற அறிக்கையே வரும். முப்பது நாளில் கொடுத்துக்கொண்டிருந்தவர் நாற்பது, ஐம்பத்தைந்து என்று தள்ளுகிறார் என்றால், மேலே எங்கோ சரக்கு நிற்கிறது. கூலியைக் குறைப்பதெல்லாம் அதற்கு அப்புறம் நடக்கும். இது தெரிந்ததுமே புது பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) ஓட்டுவதைக் குறைத்துக்கொள்ளலாம். நெய்து அடுக்கிய பிறகு தெரிந்து பிரயோஜனம் இல்லை.

வியாபாரிகள் இப்போது ஒரு புதுச் சாக்கு சொல்கிறார்கள்: "ரிசர்வ் பேங்கே பதினஞ்சு மாசம் டைம் குடுத்திருக்கு." ஏற்றுமதிப் பணத்தை நாட்டுக்குள் கொண்டுவர இருந்த ஒன்பது மாதக் கெடுவை 2025 நவம்பரில் பதினைந்து மாதமாக ரிசர்வ் வங்கி நீட்டியது நிஜம். அது ஏற்றுமதியாளர் வெளிநாட்டிலிருந்து பணம் வாங்குவதற்கான கெடு. அவர் உங்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதே மாதம் ஏற்றுமதியாளர்களுக்கென்று 20,000 கோடி ரூபாய்க்குக் கடன் உத்தரவாதத் திட்டமும் வந்தது. அந்தக் கடனை வாங்கியவர் கீழே பாக்கி வைத்தால் கேட்பதில் தப்பே இல்லை.

உங்கள் கெடு குறு, சிறு தொழில் சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் பதினைந்து நாள், இருந்தால் அதிகபட்சம் நாற்பத்தைந்து நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டு வட்டியாக. இது கிடைக்க உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வேண்டும், அந்தப் பதிவு பில்லுக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். பாக்கி நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பழைய பில்லுக்கு உதவாது. பதிவு இலவசம். ஆதார், பான் இருந்தால் வீட்டிலிருந்தே போடலாம். இதற்கு ஆயிரம் இரண்டாயிரம் வாங்கும் ஆட்கள் ஊரில் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள்.

புகார் கொடுத்தால் அடுத்த பாவு வராது என்று பயப்படுவார்கள், அது எனக்கும் தெரியும். அதனால் நான் சொல்லும் வழி மென்மையானது. வருமான வரிச் சட்டத்தில் ஒரு விதி 2024 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உண்டு, பழைய 1961 சட்டத்தில் அதற்கு 43பி(எச்) என்று பெயர். குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடு தாண்டியும், மார்ச் 31 வரையிலும் பணம் கொடுக்காத வியாபாரி, அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது, அதற்கு வரி கட்ட வேண்டிவரும். பிப்ரவரி கடைசியில் உங்கள் உத்யம் எண்ணோடு பாக்கிப் பட்டியலை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உங்க ஆடிட்டருக்குத் தேவைப்படும்னு அனுப்பினேன் அண்ணா" என்று ஒரு வரி போடுங்கள். மீதியை அவர் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

கொலுசுக்காரர்களுக்கு மட்டும்

சேலத்துக் கொலுசு பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே விற்கிறது, அதனால் வரி நம்மைத் தொடாது என்று சிவதாபுரத்திலும் பனங்காட்டிலும் இருந்தவர்கள் நினைத்தார்கள். கொலுசைத் தொடவில்லை, வெள்ளியைத் தொட்டது. 2025 தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தது, டிசம்பரில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. சூரிய மின்தகடுக்கும் மின்னணுச் சாதனங்களுக்கும் வெள்ளி போகிறது. வரி வந்துவிடுமோ என்று பயந்து லண்டன் கிடங்கிலிருந்து நியூயார்க்குக்கு வெள்ளியை அள்ளினார்கள். வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், செம்புச் சுரங்கங்களில் கூடவே கிடைப்பது, விலை ஏறியதென்று உடனே அதிகமாகத் தோண்டி எடுக்கவும் முடியாது.

பட்டறையில் இது எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஜோடி நூறு கிராம் வாங்கியவர்கள் அறுபது கிராம் கேட்கிறார்கள். கிலோவுக்கு முன்பு பத்து ஜோடி, இப்போது பதினாறுக்கு மேல். கண்ணி கோக்கிறதும் பொடி வைத்து ஊதுகிறதும் சலங்கை கட்டுகிறதும் ஜோடிக்கு அதே வேலைதான், சொல்லப்போனால் மெலிசாக இருப்பதால் கை இன்னும் பதமாக இருக்க வேண்டும். கூலியைக் கிலோ கணக்கில் பேசியிருந்தால் பத்து ஜோடிக் கூலிக்குப் பதினாறு ஜோடி செய்கிறீர்கள். எடை குறைந்த டிசைன்களுக்கு ஜோடிக்குக் கூலி என்று மாற்றிப் பேசுங்கள். சேதாரத்தையும் தனியாக எழுதுங்கள். விலை இரட்டிப்பானபோது தரையில் சிந்தும் ஒரு கிராமும் இரட்டிப்பு.

ஏஐயிடம் என்ன கொடுப்பது, எதைக் கேட்கக் கூடாது

காகிதத்தைக் கொடுத்துப் படிக்க வைத்தால் நல்ல வேலைக்காரன். நாட்டு நடப்பைக் கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நேராக ஏற்றுமதி செய்யும் என் வாடிக்கையாளர் ஒருவருக்குப் புது ஆர்டர் வந்தது. அதே விலை, அதே அளவு, அதே நிறம். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட இருந்தார். பழைய ஆர்டரையும் புதியதையும் கொடுத்து இப்படிக் கேட்டேன்: "இரண்டையும் ஒப்பிட்டு, மாறியிருப்பதை மட்டும் தமிழில் எழுது. எந்தப் பக்கம் என்று குறி. இல்லாததைச் சேர்க்காதே. தெளிவில்லாத இடத்தைத் தெளிவில்லை என்றே சொல்." மூன்றாம் பக்கத்தில் எப்ஓபி இருந்த இடத்தில் டிடிபி என்று மாறியிருந்ததை எடுத்துக் காட்டியது. எப்ஓபி என்றால் சரக்கைக் கப்பலில் ஏற்றுவதோடு நம் பொறுப்பு முடிந்தது. டிடிபி என்றால் அவர்கள் நாட்டு வரியையும் நாமே கட்டி, வாசலில் கொண்டுபோய் இறக்க வேண்டும். 100 ரூபாய் சரக்குக்கு 59 ரூபாய் அவர் தலையில் விழுந்திருக்கும்.

அதே உட்காரலில், இன்றைக்கு டவலுக்கு அமெரிக்க வரி எவ்வளவு என்று கேட்டேன். மாதக்கணக்கில் பழசான எண்ணை அவ்வளவு உறுதியாகச் சொன்னது. ஜிஎஸ்டி விகிதமும் எச்எஸ் குறியீடும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி அடுக்குகள் மாறி, செயற்கை இழை நூல் 12-லிருந்து 5-க்கு வந்தது மாதிரியான மாற்றங்களில் கோட்டை விடும். விகிதத்தை அரசு இணையதளத்தில் பார்த்து நீங்கள் கொடுங்கள், கணக்கை மட்டும் அது போடட்டும். போட்டதை ஒரு தடவை கால்குலேட்டரில் சரிபாருங்கள்.

பில்லைப் போட்டோ எடுத்து ஏற்றும் முன் ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எண், ஆள் பெயர் எல்லாவற்றையும் மறைத்துவிடுங்கள். ஒரு துண்டுச் சீட்டை மேலே வைத்துப் போட்டோ எடுத்தாலே போதும். பாக்கி கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவதற்கும் இது உதவும். நீங்கள் தமிழில் பேசியதையே மரியாதையாக எழுதித் தரும்.

இன்னொரு பக்கமும் உண்டு. எதிரில் இருப்பவரும் இதைத்தான் வைத்திருக்கிறார். வாங்குபவர்கள் அனுப்பும் டிசைன் படங்களில் பல இப்போது ஏஐ வரைந்தவை. கட்டம் போட்ட கிச்சன் துணிக்கு ஊடையில் (குறுக்கு நூலில்) ஏழு நிறம் கேட்டு ஒரு படம் வந்தது. இங்கே இருப்பது நாலு பெட்டித் தறி, நாலு நிறத்துக்கு மேல் ஓடாது. படத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், சாம்பிள் நெய்து அனுப்பிய பிறகு விலை பேசுங்கள். மோசடிக்காரர்கள் கையிலும் அது இருக்கிறது. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று நூல் மில் பெயரில் வரும் மெயிலில் முன்பு ஆங்கிலப் பிழையைப் பார்த்துக் கண்டுபிடித்தோம். இப்போது பிழையே இருப்பதில்லை. மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் பழையதாக இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, தெரிந்த குரலில் கேட்ட பிறகே பணம் அனுப்புங்கள்.

பிள்ளைகளின் வேலை

அம்மாப்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்திலேயே தூங்கப் பழகிய பிள்ளைகள் உண்டு. அமெரிக்க மருத்துவ பில்லிங் வேலை அது. பொத்தாம் பொதுவாக "ஏஐ வந்தால் போய்விடும்" என்று பயமுறுத்துவதும் தப்பு, "நம்ம ஊர்ல எல்லாம் வராது" என்பதும் தப்பு. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஆட்களில் சுமார் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய கம்பெனியே அசையும்போது சின்னது அசையாமல் இருக்காது.

மகளிடமோ மகனிடமோ நாள் முழுக்க என்ன செய்கிறாய் என்று கேளுங்கள். ஒரு திரையில் பார்த்ததை இன்னொரு திரையில் ஏற்றுவது, வந்த பணத்தைப் பதிவது என்றால் முதலில் குறைவது அந்த இடம். டாக்டர் குறிப்பைப் படித்துக் குறியீடு போடுவது நடுவில் இருக்கிறது. நோய்க் குறியீடுகள் மட்டும் சுமார் 70,000. மெஷின் குறியீட்டை எடுத்துக் கொடுக்கும், மனிதர் சரிபார்ப்பார், பத்துப் பேர் வேலைக்கு நாலு பேர் போதும் என்று ஆகலாம். இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்த பில்லை ஏன் மறுத்தது என்று தோண்டி, போனில் பேசி வாங்குவது, மற்றவர் போட்ட குறியீட்டைத் தணிக்கை செய்வது, இவை கொஞ்சம் கெட்டியான இடங்கள். முதல் வகையில் இருப்பவர் அதே கம்பெனிக்குள்ளேயே அங்கே மாற்றல் கேட்கட்டும். சிபிசி என்ற மருத்துவக் குறியீட்டுச் சான்றிதழ் தேர்வுக்குப் பணம் கட்டும் முன், அதை முடித்தால் எந்தப் பிரிவுக்கு மாற்றுவார்கள் என்று மேலாளரிடம் கேட்டுவிட்டுக் கட்டட்டும்.

சுங்க வரி சரக்குக்குத்தான், இந்த மாதிரி சேவைக்கு இல்லை. ஆனால் வெளிநாட்டுக்கு வேலையை அனுப்பும் அமெரிக்கக் கம்பெனி அந்தப் பணத்துக்கு 25 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்று 2025 செப்டம்பரில் ஒரு மசோதா அங்கே செனட்டில் கொண்டுவந்தார்கள். மசோதா கொண்டுவந்தாலே சட்டம் ஆகிவிடாது. ஹைர் மசோதா என்று பெயர், செய்தியில் வந்தால் கவனியுங்கள்.

கடைசி வேலை. முதலில் எழுதிய அந்தத் தாளை மறுபடி எடுத்து, அமெரிக்காவில் போய் முடியும் வருமானங்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். அவை எல்லாம் ஒரே மாதத்தில் பாதியானால் வீட்டுக் கடன், தறிக் கடன், சீட்டு மூன்றையும் எத்தனை மாதம் கட்ட முடியும் என்று போட்டுப் பாருங்கள். நாலு மாதத்துக்குக் குறைவாக வந்தால் இப்போதைக்குப் புதுச் சீட்டில் சேராதீர்கள், எடுத்த சீட்டுப் பணத்தில் தறியும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தை நகையாக மாற்றாமல் வங்கியில் வையுங்கள். டவல்காரர் இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, எட்டுத் தறியில் மூன்றை உள்ளூர்க் கடைகளுக்கான துண்டுக்கு மாற்றினார். மீட்டருக்குக் கூலி குறைவுதான், ஆனால் பணம் பதினெட்டு இருபது நாளில் வந்துவிடுகிறது.